மழைக்கு முன் வீட்டைச் செப்பனிடுதல்

குடியானவருக்கு நிலமும் மாடும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானது அவர் குடியிருக்கும் வீடு. விளைந்த நெல்லும், விதைக்கென்று ஒதுக்கி வைத்த தானியமும், உழவுக் கருவிகளும், நிலப் பத்திரங்களும், குடும்பத்தாரின் உயிரும் அந்த ஒரு கூரையின் கீழேயே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஆயினும், ஏரிக்கரையில் ஒரு நண்டு வளையைக் கண்டால் அன்றைக்கே அதை அடைத்துவிடும் குடியானவர், தம் வீட்டுக் கூரையில் ஓர் ஓடு நழுவியிருப்பதைக் கண்டும், அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஏரிக்கரையை உடைக்கும் நீர்தான் வீட்டையும் இடிக்கிறது. இரண்டிலும் அது சிறு துளை வழியாகவே நுழைகிறது.

தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. அம்மழை தொடங்குவதற்கு முன், வீட்டுக்குடையவர் தாமே செய்துகொள்ளக்கூடிய பழுதுகள் இன்னவை, கொத்தனாரையோ தச்சரையோ அழைக்கவேண்டியவை இன்னவை என்பதும், அவ்வேலைகளின் முறைகளும் காரணங்களும் இங்கே விவரிக்கப்படுகின்றன. மண் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய வீடுகளே இக்கட்டுரையில் பெரிதும் கருதப்பட்டுள்ளன. கான்கிரீட் தளம் போட்ட புதிய வீடுகளைப் பற்றிய குறிப்புகளும் உரிய இடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

நீர் செய்யும் சேதம்

1,000 சதுர அடிப் பரப்புள்ள கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால், அதன்மேல் விழும் நீர் சுமார் 2,360 லிட்டர் ஆகும். கரையோர ஜில்லாக்களில் புயல் காலத்தில் ஒரே நாளில் பல அங்குல மழை பெய்வதுண்டு. இவ்வளவு நீரும் கூரையிலிருந்து வழிந்து, சுவரின் அடியைத் தொடாமல் அப்பாற் சென்றுவிட்டால் வீட்டுக்கு யாதொரு தீங்கும் இல்லை. இதில் நூறில் ஒரு பங்கு தவறான வழியிற் சென்றாலும் சேதம் உண்டாகிறது.

அச்சேதம் பெரும்பாலும் பின்வருமாறு வளர்கிறது. முதலில் ஓர் ஓடு நழுவுகிறது. அவ்விடத்தில் ஒழுகும் நீர் கைமரத்தின் வழியே இறங்கி, கைமரம் சுவரின்மேல் தங்கியிருக்கும் நுனியில் தேங்குகிறது. காற்றுப் படாத அந்நுனி உளுத்துப்போகிறது. அது சிறிது தாழவே, அதன்மேல் உள்ள ஓடுகள் வரிசை கலைந்து, ஒழுக்கு ஓரிடத்திலிருந்து பல இடங்களுக்குப் பரவுகிறது. சுவரின் தலைப்புறம் நனைந்து மண் கரைகிறது. பிறகு சுவர் வெளிப்புறமாய்ப் பிதுங்குகிறது. தொடக்கத்தில் நாலு ஓடுகளும் அரைநாள் வேலையும் போதுமாயிருந்தது. முடிவில் சுவரையே பிரித்துக் கட்டவேண்டியதாகிறது. ஆகவே, வீட்டின் தலையும் அடியும் நனையாமற் காப்பதும், நடுவில் உள்ள சுவர் தன் ஈரத்தைக் காற்றில் விட்டு உலரும்படி செய்வதுமே வீட்டுப் பராமரிப்பு முழுவதற்கும் அடிப்படையாகும்.

கூரை

ஓட்டுக் கூரையை முதலில் வீட்டிற்குள் இருந்தபடியே சோதிக்கவேண்டும். நண்பகலில் கதவு ஜன்னல்களை அடைத்து, உட்புறத்தை இருட்டாக்கி மேலே பார்த்தால், ஓடு உடைந்த இடங்களிலும் விலகிய இடங்களிலும் வெளிச்சம் புள்ளி புள்ளியாய்த் தெரியும். அவ்விடங்களுக்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்பினால் அடையாளமிட்டு, பின்னர்க் கூரைமேல் ஏறிச் சரி செய்வது எளிது. கைமரங்களில் நீர் வழிந்த கறுப்புக் கோடுகளையும் கவனிக்கவேண்டும். ஒழுகும் இடம் அக்கோட்டின் அடியில் இராது. அதன் மேல்முனையில் இருக்கும்.

நாட்டு ஓட்டில், குழிந்த பக்கம் மேல்நோக்க வைத்த ஓடுகள் நீரைத் தாங்கிச் செல்வன. கவிழ்த்து வைத்த ஓடுகள் அவற்றின் இடைவெளியை மூடுவன. மேல்வரிசை ஓடு கீழ்வரிசை ஓட்டை 3 அங்குலத்துக்குக் குறையாமல் கவிந்திருக்கவேண்டும். ஓடுகளின் இடையே சருகும் மண்ணும் அடைந்து கொண்டால், நீர் கீழே செல்ல வழியின்றிப் பக்கவாட்டில் ஏறி உள்ளே ஒழுகும். ஓடு உடையாமலிருந்தும் வீடு ஒழுகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இத்தகைய கூரையைப் பிரித்து, ஓடுகளைத் துடைத்து, உடைந்தவற்றை நீக்கித் திரும்ப மேய்ந்துவிட்டாற் போதும். புதிய ஓடுகள் மிகுதியாய் வேண்டியதில்லை.

பாஸல் மிஷனார் 1865ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையினால் தென்னாடெங்கும் பரவிய மங்களூர் ஓடு, ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளுமாறு வார்ப்படம் செய்யப்பட்டது. அதில் ஓர் ஓடு உடைந்தால், மேல்வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிக்கொண்டு புதியதை உள்ளே செலுத்தலாம். வெவ்வேறு தொழிற்சாலைகளின் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமலிருப்பதால், பழைய ஓட்டில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துச்சென்று வாங்குவது நலம். உடைந்த ஓட்டின்மேல் சிமெண்டு பூசி ஒட்டுவது வீண் வேலை. வெயிலில் ஓடும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒட்டு விட்டுப்போகும்.

மோட்டு ஓடுகள் சாந்திட்டுப் பதிக்கப்பட்டவை. கூரையில் முதலில் கெடும் இடமும், புயற்காற்று முதலில் பற்றும் இடமும் அதுவே. இறவாணத்து ஓடுகளும் அத்தகையனவே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வேதாரணியத்துக்கு அருகில் கரை கடந்த கஜா புயலில், காவிரிப் பாசனப் பகுதிகளில் எண்ணிறந்த ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் மேற்பாகத்தை இழந்தன. கரையோரக் கிராமங்களில் உள்ளோர், மோட்டையும் இறவாணத்தையும் ஆண்டுதோறும் சோதித்து, கடைசி இரண்டு வரிசை ஓடுகளைத் துருப்பிடியாத கம்பியினால் சட்டங்களோடு கட்டிவைத்தல் உத்தமம்.

இரண்டு கூரைகள் கூடும் மூலையில் நீர் மிகுதியாய்ச் சேர்வதால், அங்குள்ள தகடு துருப்பிடித்துத் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமுள்ள வீடுகளில் இத்தகைய மூலைகள் நான்கு இருக்குமாதலால், ஒன்றையும் தவறவிடலாகாது.

மட்டப்பாவும் கான்கிரீட் தளமும்

தேக்கு விட்டங்களின்மேல் சட்டங்கள் பரப்பி, செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதித்த மட்டப்பாக்கள் சரியாய்க் காக்கப்பட்டால் நூறாண்டுக்கு மேலும் நிற்கின்றன. அவற்றிற்கு முதல் விரோதி அடைபட்ட தூம்பு. தூம்பு வாயில் ஒரு பிடி சருகு அடைத்துக்கொண்டால் தளம் முழுவதும் குளமாகிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையேனும் தூம்புகளைப் பார்த்து வருவது வீட்டுச் சிறுவர்களும் நினைவூட்டக்கூடிய வேலை.

தட்டோடுகளின் இடையில் வெடிப்புக் கண்டால், மேலே சாந்து தடவி மூடுவதால் பயனில்லை. வெடிப்பின் உள்ளிருக்கும் தூசியையும் உதிர்ந்த சாந்தையும் சுரண்டி எடுத்து, நீர் தெளித்து நனைத்து, மெல்லிய சுண்ணாம்புச் சாந்தை ஆழம் வரை அழுத்தி நிரப்பவேண்டும்.

ஆல், அரசு முதலிய கன்றுகள் தளத்திலோ சுவரிலோ முளைத்திருந்தால், அவற்றை இலையும் தண்டுமாய் ஒடித்துவிடுவதோடு நிறுத்தலாகாது. ஒடிக்க ஒடிக்க மேலே வளர்ச்சி குன்றி, உள்ளே வேர் பருக்கும். ஒரு சாண் உயரத்துக்கு வளருமுன்பே, சுற்றியுள்ள சாந்தைக் கொத்தி, வேரோடு களைந்து, அவ்விடத்தைப் புதுச் சாந்தால் நிரப்பவேண்டும்.

கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை நீர் எட்டினால் அது துருப்பிடிக்கும். துருவானது இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. கூரையின் அடிப்புறத்தில் கம்பியின் நீளத்துக்கு வெடிப்புக் கண்டாலும், காரை பெயர்ந்து விழுந்தாலும் அதற்குக் காரணம் இதுவே. பெயர்ந்த இடத்தில் வெறும் பூச்சுப் பூசி வெள்ளையடிப்பது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. கம்பியின் துருவை நீக்கிச் சீர்படுத்தத் தேர்ந்த வேலைக்காரரை அழைக்கவேண்டும். மேலே நீர் நுழையும் வழியையும் அடைக்கவேண்டும்.

மரங்களும் கறையானும்

விட்டம், கைமரம், நிலை ஆகியவை சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளையே முக்கியமாய்ச் சோதிக்கவேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால், உறுதியான மரம் கணீரென்றும் உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும். கூரிய பேனாக்கத்தியை அழுத்தினால், நல்ல மரத்தில் நுனி மட்டுமே இறங்கும். கெட்ட மரத்தில் அலகு முழுவதும் இறங்கும். நுனி மட்டும் கெட்டிருப்பின் மரம் முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு, இருபுறமும் புது மரத்துண்டுகளை நட்டுப்போல்ட்டுகளால் இணைப்பது தச்சர்கள் அறிந்த முறை. சுவரில் மரம் நுழையும் இடத்தைச் சிமெண்டினால் இறுக்கி அடைக்காமல், சிறிது காற்றோட்டமுள்ளதாய் விடுவது நலம்.

கறையான் ஈரமுள்ள மண்ணில் வாழ்வது. வெளிக்காற்றில் அதன் உடல் எளிதில் உலர்ந்துவிடுமாதலால், அது மண்ணினால் குழாய் போன்ற மூடிய வழிகள் அமைத்துக்கொண்டு சுவரின்மேல் ஏறி மரத்தை அடைகிறது. ஆதலால் சுவரின் அடியிலும், நிலைக்கால்களின் பக்கத்திலும், மூட்டைகளின் பின்புறத்திலும் மாதம் ஒரு முறை பார்த்துவந்தால் அதன் வரவை முன்னதாக அறியலாம். மண்வழியைக் கண்டதும் முழுவதையும் சுரண்டி எடுத்து, அது தரையில் புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஈரம் எதனால் உண்டாயிற்று என்று ஆராயவேண்டும். ஈரத்தை நீக்காமல் மருந்து மட்டும் இடுவதால் அடுத்த ஆண்டு வேறு வழியாய் அது திரும்பும். விறகையும் பழைய பலகைகளையும் சுவரில் சாய்த்து அடுக்கலாகாது.

மரத்துக்கு முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெய் பூசுவது பழகிவந்த முறை. அது தோலைக் கொப்புளிக்கச் செய்யுமாதலால் கையுறையின்றித் தொடலாகாது. முன்னர்க் கறையானுக்குப் பெரிதும் வழங்கிய ஆல்டிரின் என்னும் மருந்து இப்பொழுது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய டப்பாவில் எஞ்சியிருந்தாலும் அதை உபயோகிக்கலாகாது. அனுமதிக்கப்பட்ட மருந்துகளையும் சீட்டில் அச்சிட்டுள்ள அளவுப்படியே கையாளவேண்டும்; கிணற்றுக்கு அருகிலும் தானிய அறையிலும் இடலாகாது.

சுவரின் அடிப்புறம்

இறவாணத்து நீர் விழும் இடத்தில் மண் அரித்துப் பள்ளம் விழுகிறது. அங்கிருந்து தெறிக்கும் நீர் சுவரின் அடியைக் கரைக்கிறது. சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு மண் கொட்டி, வெளிப்புறம் 3 அங்குலம் தாழும்படி சரிவு அமைத்துக் கெட்டித்துவிட்டால் நீர் தங்காது. இது மண்வெட்டியும் திமிசும் உள்ள எவரும் ஒரே நாளில் செய்யக்கூடியது. இதைப்போல் சிறு உழைப்பில் பெரும் பலன் தரும் வேலை வேறில்லை. வெளித் திண்ணையின் அடியையும் இவ்வாறே காக்கவேண்டும்.

எருக்குழி, வைக்கோற்போர், குளிக்குமிடம், பாத்திரம் கழுவுமிடம் ஆகியவை சுவரை ஒட்டி இருத்தல் கூடாது. மாட்டுத் தொழுவம் வீட்டுச் சுவரோடு சேர்ந்திருக்குமிடங்களில், கோமூத்திரம் தேங்காமல் வழிந்தோடக் கால்வாய் வேண்டும். அதிலிருந்து உண்டாகும் உப்புக்கள் சுவருக்குள் ஊறி, உலரும்பொழுது படிகமாகிப் பூச்சைப் பொரியச் செய்கின்றன.

கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைக் குழிக்குள் விடுவது கிணற்றுக்கு மிக்க நன்மை தருவதே. ஆனால் குழியைச் சுவர் ஓரத்திலேயே தோண்டினால் அஸ்திவாரத்து மண் இளகும். மண் சுவர் வீடுகளில் கூரை நீரைக் குழாய் வழியே தள்ளிக் கொண்டுபோய், வீட்டைவிட்டு விலகிய இடத்தில் குழி அமைக்கவேண்டும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

இப்பொழுது கிராமங்களில் பரவியுள்ள தவறுகளில் பெரியது, ஓதம் ஏறிய பழைய சுவரின் அடிப்புறத்தில் சிமெண்டு பூசுவது. சிமெண்டு கெட்டியானது, நீர் புகாதது. ஆகவே ஓதத்தை நிறுத்திவிடுமென்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நிகழ்வது வேறு.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், தரையிலுள்ள ஈரம் சுவரின் நுண்ணிய துளைகள் வழியே மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உள்ளதாகையால், ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் கலந்து உலர்ந்துவிடுகிறது. சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியற்ற ஈரம் பூச்சுக்கும் மேலே ஏறி, முன்னர் 1 அடி உயரத்தில் நின்றது 3 அடிக்குப் போகிறது. பூச்சுக்குள் அடைபட்ட மண் இளகி வலிமை இழக்கிறது. வெளியே கெட்டியாய்த் தோன்றும் சுவர் உள்ளே சேறாயிருப்பதை, அது இடியும்பொழுதுதான் வீட்டுக்குடையவர் அறிகிறார். எமல்ஷன் வர்ணம் பூசுவதும் பழைய சுவர்களுக்கு ஓரளவு இத்தகைய தீங்கையே செய்யும்.

சிமெண்டு தீயதென்பது இதன் கருத்தன்று. சுட்ட செங்கல்லைச் சிமெண்டுச் சாந்தில் வைத்துக் கட்டிய வீட்டுக்குச் சிமெண்டே ஏற்றது. மண்ணுக்கு மண், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, சிமெண்டுக்குச் சிமெண்டு என்பதே விதி. பழைய சுவரில் முன்னமே சிமெண்டு பூசியிருந்தால், கோடையின் தொடக்கத்தில் அதைச் சிறிது சிறிதாய்ப் பெயர்த்து, கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, பின்னர்ச் சுண்ணாம்பு பூசலாம்.

சாந்து தயாரிக்கும் முறை

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்பொழுது, அதிலுள்ள கரியமில வாயு நீங்குகிறது. சுத்தமான கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். இதை நீரில் நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சுண்ணாம்பு வேலை நாளாக ஆக உறுதிப்படுவதற்கும், அவசரப்படுத்தினால் கெடுவதற்கும் காரணம் இதுவே. நெடுநாள் திறந்து கிடந்த சுண்ணாம்பு, பூசுவதற்கு முன்னமே காற்றின் வாயுவை ஏற்றுக்கொண்டுவிடுவதால் பயனற்றதாகும். வாங்கும்பொழுது ஒரு கட்டியை நீரில் இட்டுப் பார்த்து, அது சூடேறிக் கொதித்துப் பொடிந்தால் நல்ல சரக்கென்று கொள்ளலாம்.

நீற்றிய சுண்ணாம்பை நீர் மூடியிருக்கும்படி தொட்டியில் சில வாரங்களாவது ஊறவிடவேண்டும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 அல்லது 3 பங்கு மணல் சேர்த்து நன்றாய்க் குழைக்கவேண்டும். கடல் மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. மணலில் களிமண் கலந்திருக்கிறதா என்பதை அறிய, ஒரு கண்ணாடிப் புட்டியில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், வண்டல் மேலே தனிப் படலமாய்ப் படியும். படலம் தடித்திருந்தால் அம்மணலைக் கழுவி உபயோகிக்கவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பது நம் கொத்தனார்களின் தொன்று தொட்ட வழக்கம். வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் மிகுதியாய்க் கரைவதற்கு உதவுகிறது.

பூசுமுன் சுவரின் உதிரும் பாகத்தைத் தேய்த்து நீக்கி, நீர் தெளிக்கவேண்டும். பூசிய பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரக் கோணியினால் மறைத்து, வெயிலும் ஆடிக் காற்றும் தாக்காமல் காக்கவேண்டும். மண் சுவர்களுக்கு, களியும் மணலும் கலந்த மண்ணோடு உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்து மிதித்து, சில நாள் புளிக்கவிட்டுப் பூசி, உலர்ந்தபின் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதே போதுமானது. கரிசல் மண் உலரும்பொழுது சுருங்கி வெடிப்பதால் இதற்கு உதவாது.

சுட்ட சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வையே கெடக்கூடும். நீற்றும்பொழுது தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாய் இடவேண்டும். குழந்தைகளையும் கன்றுகளையும் அருகில் விடலாகாது. கண்ணில் தெறித்தால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரால் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வெடிப்புகளை அறிதல்

சுவரில் காணும் வெடிப்பெல்லாம் அபாயமானதன்று. பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சு விரைவில் உலர்ந்ததனால் உண்டானவை. வாயில் அல்லது ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாய் மேலே செல்லும் வெடிப்பு, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் குறிக்கும். சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் காணும் வெடிப்பும் கவனிக்கத்தக்கது.

வெடிப்பு பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதை அறிய எளிய வழியுண்டு. ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சாந்தினால் பதித்து, பக்கத்தில் தேதியை எழுதிவைக்கவேண்டும். சில மாதங்கள் சென்றும் கண்ணாடி முழுதாயிருந்தால், வெடிப்பைச் சாந்திட்டு நிரப்பிவிடலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறதென்பது திண்ணம். பூசி மறைக்காமல் தேர்ந்த கொத்தனாரையோ இன்ஜினீயரையோ அழைக்கவேண்டும். சுவர் சாய்ந்திருக்குமிடத்தில் தூக்குக்குண்டு விட்டு, மேலும் கீழும் உள்ள விலகலை அளந்து எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒத்துப்பார்க்கவேண்டும். விலகல் கூடிவருமானால் அச்சுவரின் பக்கத்தில் யாரும் படுத்துறங்கலாகாது.

தானியம் வைக்கும் அறை

நெல்லைச் சேமித்துவைக்க அதன் ஈரம் 12 முதல் 14 சதத்துக்குள் இருத்தல் வேண்டும். களத்தில் நன்றாய் உலர்த்திய நெல்லும், ஓதமுள்ள சுவரில் சாய்த்து வைத்தால் ஈரத்தை ஏற்றுக்கொண்டு பூசணம் பிடிக்கும்; விதைநெல் முளைக்கும் சக்தியை இழக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகைகளின்மேல் அடுக்கி, சுவருக்கும் மூட்டைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் வழி விட்டால், காற்றும் புகும். கறையானும் எலியும் வருவதும் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் முதலில் செப்பனிடவேண்டிய கூரை இவ்வறையின் மேலுள்ள கூரையே.

ஜாக்கிரதைகள்

ஏணியைச் சாய்க்கும்பொழுது, அது 12 அடி உயரத்தைத் தொடுமானால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி விலகியிருக்கவேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். ஓட்டின்மேல் நேரே மிதிக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகையிட்டு அதன்மேல் நடக்கவேண்டும். மழையில் நனைந்த ஓட்டின்மேல் எக்காரணத்தாலும் ஏறலாகாது. கூரை வேலைக்கு முன் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிடவேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரையை உரசியிருந்தால் தாமே தொடாமல் மின்வாரியத்தாருக்குத் தெரிவிக்கவேண்டும். நனைந்த சுவரில் மின்சாரம் பாய்ந்து உயிர்ச்சேதம் நேர்வதுண்டாதலால், கசிவு ஏற்பட்டதும் தானே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்துவது அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், கோயம்புத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையின்பொழுது ஓர் உயர்ந்த மதிற்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் இடிந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களின் வீட்டை அவர்கள் எவ்வளவு நன்றாய்ப் பேணியிருந்தாலும் பிறர் சுவரிலிருந்து அது அவர்களைக் காத்திராது. ஆகவே இது தனி வீட்டுக்காரரின் விஷயம் மாத்திரமன்று, ஊரின் விஷயமுமாகும்.

புரட்டாசி மாதம் பிறந்ததும் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் தெருத் தெருவாய்ச் சென்று, சாய்ந்த சுவர்களையும், நீர் வெளியேறத் துளையின்றி மண்ணைத் தாங்கி நிற்கும் மதில்களையும், பாழடைந்த வீடுகளையும் குறித்து, உடையவர்களுக்கு அறிவிப்பது நலம். பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம் முதலிய பொதுக் கட்டிடங்களையும் இவ்வாறே பார்வையிடவேண்டும். பெருமழைக்கு எவ்வீட்டாரை எங்கே தங்கவைப்பதென்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவைக்கவேண்டும்.

தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடும்பொழுது, பழைய சாலையின்மேலேயே புதியது போடப்பட்டுத் தெருவின் மட்டம் உயர்ந்து, வீடுகளின் தரை பள்ளமாகிவிடுவது பல ஊர்களில் காணப்படுகிறது. அதன் பிறகு வீட்டுக்காரர் என்ன செப்பனிட்டாலும் தெருநீர் உள்ளே வருவது நிற்காது. பழைய சாலையைப் பெயர்த்துவிட்டே புதியதைப் போடும்படியும், வாயிற்படிகளுக்குத் தாழ்ந்தே தெருமட்டம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் கடமை.

வேலைகளுக்கு ஏற்ற காலம்

மாசி, பங்குனியில் ஓடு பிரித்து மேய்தல், மரவேலை, சிமெண்டுப் பூச்சைப் பெயர்த்தல். சித்திரை, வைகாசியில் சுவரை உலரவிடுதல், சுண்ணாம்பு நீற்றி ஊறவைத்தல். ஆனி, ஆடியில் பூச்சு வேலை. ஆவணியில் வெள்ளையடித்தல், சுவரடியில் மண் சரிவு அமைத்தல், கூரையின்மேல் கவிந்த கிளைகளை வெட்டுதல். புரட்டாசியில் தூம்புகளையும் கால்வாய்களையும் துப்புரவு செய்து கடைசி முறையாய்ப் பார்வையிடுதல். கன்னியாகுமரி, நீலகிரி, செங்கோட்டை முதலிய இடங்களில் ஆனியிலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடுமாதலால், அங்கே கூரை வேலைகளும் சுவரடி வேலைகளும் வைகாசிக்குள் முடியவேண்டும். பூச்சு வேலையை மழை ஓய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்பொழுது, வீட்டுக்குடையவர் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாய்ச் சென்று மேலே பார்க்கவேண்டும். மழை விட்டதும் வீட்டைச் சுற்றி வந்து, நீர் எங்கே தேங்கியிருக்கிறதென்று பார்க்கவேண்டும். அன்று கண்ட குறைகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டால், அடுத்த மாசியில் எங்கே தொடங்கவேண்டுமென்பதை அக்குறிப்பே சொல்லிவிடும்.